ஒரு குழந்தை, மூன்று குழந்தை, ஒரு வெள்ளை வேன்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். தண்ணீர் லாரி வரப்போகிறதா, பூனை குட்டி போட்டிருக்கிறதா, எந்த வீட்டில் யாருக்குப் பல் விழுந்தது, எதுவானாலும் முதலில் அவளுக்குத்தான் தெரியும். அடுத்த ஐந்தாவது நிமிடம் தெருவுக்கே தெரிந்துவிடும்.

அவளுக்குப் பத்து வயது. ஓர் இடத்தில் நிற்க மாட்டாள். நின்றாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

அன்று பள்ளி அரை நாள்தான். புத்தகப் பை முதுகில் குதிக்க, இஸ்திரிக்காரரின் வண்டி முன்னால் மூச்சிரைக்க வந்து நின்றாள்.

"மாமா! ஒரு விஷயம்!"

"சொல்லு ரேடியோ. என்ன இன்னைக்குச் செய்தி?"

"மாடி வீட்டு மலைக்காரர் இருக்கார்ல, பெயிண்டர்? அவர் ஒரு சின்னக் குழந்தையைத் தூக்கிட்டுப் போறார். குழந்தை ஓன்னு அழுது. அவர் சட்டையில சிவப்பா ஏதோ இருக்கு!"

இஸ்திரிக்காரரின் கை அப்படியே நின்றது. துணி கருகும் வாசனை வந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கினார்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

அவருக்கு என்ன தெரியும் என்று அவள் கேட்கவில்லை. சொன்ன செய்திக்குத் துணியே கருகுகிறது என்றால் அது பெரிய செய்திதான். துள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

மலைக்காரர் என்பது அவர் பெயரல்ல. தெரு வைத்தது. மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அவரும் அவர் மனைவியும் மூலைக் கட்டடத்தின் மாடி அறைக்குக் குடிவந்தார்கள். தூரத்து மலைப்பக்கத்தில் இருந்து வந்தவர்கள். சின்னக் கண்கள், அகன்ற கன்னங்கள். அவர்கள் பேசும் பாஷை இங்கே யாருக்கும் புரியாது.

"நம்ம ஊர் முகமே இல்ல" என்றார் காய்கறிக்கடை அத்தை.

"சிரிக்கவே மாட்டேங்கறாங்க. என்னமோ இருக்கு" என்றார் சைக்கிள் கடைக்காரர்.

அடுத்த வாரம் அந்தக் கணவனும் மனைவியும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். "எதுக்கு இப்படிச் சும்மா சும்மா சிரிக்கிறாங்க? என்னமோ இருக்கு" என்றார் அதே சைக்கிள் கடைக்காரர்.

வீட்டில் அம்மா தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். வாயில் நான்கு குண்டூசிகள்.

"அம்மா, ஒரு விஷயம்..."

"ம்ம்" என்றார் அம்மா. ஊசிகள் வாயில் இருக்கும்போது அம்மாவால் அவ்வளவுதான் சொல்ல முடியும். பிறகு விரலால் சோற்றுத் தட்டைக் காட்டினார். அவள் சாப்பிட்டு முடித்ததும் காலி நூல்கண்டு ஒன்றை நீட்டினார். அதே நிறத்தில் நூல் வாங்கி வா என்று அர்த்தம்.

தெருவில் இறங்கியதும் காய்கறிக்கடை அத்தை அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"எங்கடி தனியாப் போற? விஷயம் தெரியாதா உனக்கு? ரெண்டு குழந்தைங்களைத் தூக்கிட்டுப் போயிட்டானாம் அந்த மலைக்காரன்!"

"ரெண்டா? ஒண்ணுதான் அத்தை. நானே பார்த்தேன்."

"உனக்கென்ன தெரியும்? கேட்டவங்க சொல்றாங்க."

அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. பார்த்தவள் சொல்வதைவிடக் கேட்டவர்கள் சொல்வது பெரிதா?

சைக்கிள் கடை வரும்வரைதான் அந்த வேடிக்கை. அங்கே ஆறேழு பேர் கூடியிருந்தார்கள்.

"மூணு குழந்தைங்க" என்று சைக்கிள் கடைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு வெள்ளை வேன் காத்துட்டு இருந்துச்சாம். சட்டையெல்லாம் ரத்தமாம்."

"ஐயோ, ரத்தம் இல்ல!" என்றாள் அவள். "சிவப்பா ஏதோ... அவர் பெயிண்டர்தானே? பெயிண்டா இருக்கும். வேன் எல்லாம் இல்ல."

யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இப்போ சாப்பாட்டுக்கு ரூமுக்கு வந்திருக்கான். எல்லாரும் போய்க் கேட்டுடுவோம்" என்றார் ஒருவர்.

"கேக்கறதா? இவனுங்களுக்கெல்லாம் வாயால கேட்டாப் புரியாது" என்றார் இன்னொருவர்.

அவள் இஸ்திரிக்காரரிடம் ஓடினாள். "மாமா, நீங்க சொல்லுங்க. ஒரே ஒரு குழந்தைதான்னு சொல்லுங்க!"

"ஒண்ணோ மூணோ, தூக்கினது உண்மைதானே? நீதானே சொன்ன?" என்று கேட்டபடியே அவர் கரியை அணைத்துக்கொண்டிருந்தார். அவரும் கிளம்பப் போகிறார்!

நீதானே சொன்ன.

அவள் சொன்னது பொய் இல்லை. ஆனால் பார்த்ததில் ஒரு பகுதியைச் சொல்லாமல் விட்டிருந்தாள்.

அவள் பள்ளி விட்டு வரும்போது அந்தப் பெயிண்டர் தெரு முனையில் அவள் முன்னால் வந்து நின்றார். தோளில் இருந்த குழந்தையைக் காட்டி, "அம்மா?" என்று கேட்டார். மறுபடியும், "அம்மா? அம்மா?" என்று நாலாபக்கமும் கையை நீட்டிக் கேட்டார். அந்த முகத்தையும் சிவப்புக் கறையையும் பார்த்து அவள் ஓடிவந்துவிட்டாள். ஓடும்போதே அவர் கேட்டது அவளுக்குப் புரிந்திருந்தது. அதுதான் இப்போது குடைந்தது.

நூல் வாங்காமலேயே வீட்டுக்கு ஓடினாள். அம்மாவிடம் சொல்லலாமா? இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே போனாள், வெளியே வந்தாள், மறுபடி உள்ளே போனாள். காலடியில் ஏதோ வழுக்கியது. மஞ்சள் துணி வெட்டல்கள். போன வாரம் அம்மா தைத்த இருபது குட்டி மேலங்கிகளின் மிச்சம்.

மஞ்சள் மேலங்கி! அந்தக் குழந்தையும் மஞ்சள் மேலங்கிதானே போட்டிருந்தது? முன்னால் ஒரு பெரிய பை வைத்தது?

அம்மா அவற்றைத் தைத்தது அடுத்த தெருக் குழந்தைகள் காப்பகத்துக்காக.

"எங்கடி நூல்?" என்று அம்மா கேட்டபோது அவள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

காப்பகத்தின் கேட் பூட்டியிருந்தது. கம்பிகளுக்குள் மூக்கை நுழைத்து, "ஆயாம்மா! ஆயாம்மா!" என்று கத்தினாள்.

நீலச் சேலை கட்டிய ஆயா உதட்டில் விரலை வைத்தபடி வந்தார். "மெதுவா! எல்லாம் இப்பத்தான் தூங்குதுங்க."

"ஆயாம்மா, இன்னைக்கு ஒரு பெயிண்டர் ஒரு குழந்தையைத் தூக்கிட்டு இங்க வந்தாரா?"

ஆயாவின் முகம் மாறியது. திரும்பி உள்ளே பார்த்தார். பிறகு, "இல்லையே. யாரும் வரலை" என்றார்.

"பொய் சொல்றீங்க."

"என்னடி பேசுற!"

"பொய் சொல்லும்போது நானும் இப்படித்தான் திரும்பிப் பார்ப்பேன்."

ஆயா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணி கேனை உள்ளே எடுத்து வெச்சேன். தாழ்ப்பாள் போட மறந்துட்டேன். பசங்கள்ல ஒருத்தன் வெளியே நடந்து போயிட்டான். எனக்குத் தெரியவே தெரியாது. அந்த ஆளு வாசல் வாசலாக் காட்டிக் கேட்டுட்டு வந்திருக்கார். இந்தக் கேட்டைப் பார்த்ததும் பையன் கையை நீட்டியிருக்கான். நான் வெடுக்குனு புடுங்கிட்டுக் கேட்டைச் சாத்திட்டேன். நல்ல வார்த்தை ஒண்ணுகூடச் சொல்லலை."

"இப்போ அந்தப் பையன்?"

"முட்டி சிராய்ச்சிருந்துச்சு. மருந்து போட்டேன். தூங்கறான்."

"ஆயாம்மா, தெருவே அவரை அடிக்கப் போகுது. நீங்க வந்து சொல்லணும்."

ஆயா இரண்டடி பின்னால் போனார். "நான் வந்தா, கேட்டைத் திறந்து போட்டது யாருன்னு கேப்பாங்கம்மா. என் வேலை போயிடும்."

அவளுக்கு அழுகை முட்டியது. அழுதுகொண்டு நிற்க நேரமில்லை.

"எனக்கும்தான் பயமா இருக்கு. இதையெல்லாம் ஆரம்பிச்சதே நான்தான். நானும் திட்டு வாங்கத்தான் போறேன். ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்கலாம், வாங்க."

ஆயா அவளையே பார்த்தார். பிறகு உள்ளே போனார். காப்பகத்தை நடத்தும் டீச்சரிடம் ஏதோ சொல்வது கேட்டது. "போயிட்டு வா. வந்ததும் பேசிக்கலாம்" என்று டீச்சரின் குரல். அந்தக் குரலில் சிரிப்பே இல்லை.

ஆயா செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். இருவரும் ஓடினார்கள். ஆயாவுக்கு ஓட வராது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள்.

மூலைக் கட்டடத்தின் படிக்கட்டு நிறையக் கால்கள். அவள் அந்தக் கால்களுக்கு நடுவே புகுந்து ஏறினாள்.

மாடி அறை வாசலில் பெயிண்டர் நின்றிருந்தார். வலது கை விரல்களில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். சைக்கிள் கடைக்காரர் ஒரு கையால் பெயிண்டரின் காலரைப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் ஸ்பேனர்.

"எங்க வெச்சிருக்க குழந்தைங்களை? சொல்லு!"

"இல்லை... குழந்தை... அங்கே... அங்கே..." பெயிண்டருக்குத் தெரிந்த வார்த்தைகள் அவ்வளவுதான்.

"எங்கே அங்கே? வேன்லயா?"

அவள் வாயைத் திறந்தாள். ரேடியோவுக்குக் குரல் வரவில்லை. மறுபடி முயன்றாள். கீச்சென்று ஏதோ வந்தது. கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

படியோரம் ஒரு காலிப் பெயிண்ட் டின் இருந்தது. அவள் அதைத் தூக்கிக் கைப்பிடிக் கம்பியில் ஓங்கி அடித்தாள். டங்! டங்! டங்!

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான்தான் சொன்னேன்!" என்று கத்தினாள். "முதல்ல பார்த்தது நான். ஒரே ஒரு குழந்தை. மூணு இல்ல. வேன் இல்ல. ரத்தம் இல்ல, பெயிண்டு. அவர் என்கிட்ட வந்து 'அம்மா? அம்மா?'ன்னு கேட்டார். குழந்தையோட அம்மா யாருன்னு கேட்டார். எனக்குப் புரிஞ்சுது. புரிஞ்சும் ஓடிட்டேன். அதை நான் மாமாகிட்ட சொல்லலை."

"ஏன் சொல்லலை?" என்றார் இஸ்திரிக்காரர்.

அவள் தலை குனிந்துகொண்டாள். "சொல்லியிருந்தா அது பெரிய செய்தியா இருந்திருக்காது மாமா."

அப்போதுதான் ஆயா மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தார்.

"அது எங்க காப்பகத்துப் பையன். கேட்டைத் திறந்து போட்டது நான். ரோட்டுல இருந்து தூக்கிட்டு வந்து கொடுத்தது இவரு. இவரு இல்லேன்னா..." அதற்கு மேல் ஆயாவால் சொல்ல முடியவில்லை.

"அப்போ மத்த ரெண்டு குழந்தைங்க?" என்று படிக்கட்டில் இருந்து காய்கறிக்கடை அத்தை கேட்டார்.

"யார் வீட்டுக் குழந்தை காணோம் அத்தை? யாராவது சொல்லுங்க" என்றாள் அவள்.

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"எங்க வீட்டுல எல்லாரும் இருக்காங்க."

"எங்க வீட்டுலயும்தான்."

"எங்க வீட்டுல ஒண்ணு அதிகமாவே இருக்கு" என்றார் ஒருவர். உண்மையில் எதிர்வீட்டுப் பையன் ஒருவன் அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

சைக்கிள் கடைக்காரர் தன் கையில் இருந்த ஸ்பேனரைப் பார்த்தார். அதை யாரோ தன் கையில் வைத்துவிட்டது போலப் பார்த்தார். காலரை விட்டார்.

"கடையில ஒரு சைக்கிள் பாதியில நிக்குது" என்று யாரிடமோ சொல்லிவிட்டு இறங்கினார். அவர் பின்னால் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஏறும்போது தடதடத்த படிக்கட்டு, இறங்கும்போது சத்தமே போடவில்லை. ஆயா பெயிண்டரைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுத் தன் டீச்சரை எதிர்கொள்ளப் போனார்.

இஸ்திரிக்காரர் மட்டும் தயங்கி நின்றார். பெயிண்டரின் காலரைக் காட்டி, "ரொம்பக் கசங்கிடுச்சு. கழட்டிக் கொடுங்க. தேய்ச்சுத் தரேன்" என்று சைகையோடு சொன்னார்.

பெயிண்டர் கழற்றவில்லை. உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

இஸ்திரிக்காரர் சிறிது நேரம் காத்திருந்துவிட்டுப் போனார்.

அவள் திரும்பினாள். படியில் அம்மா. கழுத்தில் அளவு நாடா தொங்கியது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அம்மா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அம்மா, அவங்க..."

அறைக்குள் பெயிண்டரின் மனைவி ஒரு பெரிய பையைத் திறந்து வைத்து, துணிகளை அள்ளி அள்ளி அதில் திணித்துக்கொண்டிருந்தார். அலமாரியில் இருந்த ஒரே பாத்திரத்தையும் எடுத்துத் துணிகளின் மேல் வைத்தார். ஊரை விட்டே போகப் போகிறார்கள்.

மன்னிப்பு என்பதற்கு அவர்கள் பாஷையில் என்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பையில் இருந்த பாத்திரத்தை எடுத்தாள். திரும்ப அலமாரியில் வைத்தாள்.

அந்தப் பெண் அவளை முறைத்துப் பார்த்தார். பாத்திரத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார்.

அவள் மறுபடி எடுத்து அலமாரியில் வைத்தாள்.

அந்தப் பெண் அவர்கள் பாஷையில் வேகமாக என்னவோ சொன்னார். நிச்சயம் திட்டுத்தான். நீளமான திட்டு. ரேடியோ முதல்முறையாக முழுவதையும் நின்று கேட்டாள். கால்கூட ஆடவில்லை. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்திரத்தைப் பைக்குள் வைத்தார். ஆனால் இந்த முறை மெதுவாக வைத்தார்.

அவளும் மெதுவாக எடுத்து அலமாரியில் வைத்தாள்.

வாசலில் நின்றிருந்த அம்மா உள்ளே வந்தார். தரையில் உட்கார்ந்து, பையில் திணித்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

அந்தப் பெண் தன் கணவரைப் பார்த்தார். அவர் அலமாரியைப் பார்த்தார். பிறகு எழுந்து, ஆறிப்போன சோற்றின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

அந்தப் பெண் பாத்திரத்தை எடுத்தார். அவளும் கையை நீட்டினாள். ஆனால் இந்த முறை அது பைக்குள் போகவில்லை, அதில் தண்ணீர் நிரம்பியது. பிறகு அது அடுப்பில் ஏறியது.