பதினோரு கட்டிலுக்கு ஒரு நர்ஸ்

1961ஆம் வருஷம், பங்குனி மாதம். திருச்சியிலிருந்து வந்த பஸ்ஸை விட்டு இறங்கி, ஸ்ரீரங்கத்தில் ஆற்றங்கரையை ஒட்டியிருந்த அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்குள் ரோஷன் பேகம் நுழைந்தபோது காலை மணி ஏழு. வெளியே கண் கூசும் வெயில். அவள் வேலை செய்த வார்டில் மட்டும் எப்போதும் இருட்டு.

அது ரண ஜன்னி வார்டு, காயத்தின் வழியே புகுந்து தாடையை இறுக்கும் டெட்டனஸ் நோய்க்கானது. வெளிச்சம் பட்டாலோ சத்தம் கேட்டாலோ நோயாளிகளின் உடம்பு வில்லாக வளைந்து இழுப்பு வந்துவிடும் என்பதால் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். பினாயில் வாடையும் வியர்வை வாடையும் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கிக் கிடந்தன. பதினோரு கட்டில்கள். நாலு பேருக்குத் தொண்டையில் துளை போட்டு மூச்சுக் குழாய் வைத்திருந்தது. கால் மணிக்கு ஒரு தடவை சளியை உறிஞ்சி எடுக்காவிட்டால் குழாய் அடைத்துக்கொள்ளும். குழாய் வைத்தவர்களால் குரல் கொடுத்துக் கூப்பிடவும் முடியாது.

அன்று முதல் பகல் முழுக்க எல்லோருக்குமாக ஒரே நர்ஸ், ரோஷன்.

மூன்று பேர் பார்த்த வேலை அது. மற்ற இரண்டு பேரையும் மேனேஜர் பிலோமின்ராஜ் முந்தின நாள்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். டாக்டர் நஜிமுதீன் அவர் அறைக்கே போய்ச் சண்டை போட்டார்.

"படுத்துக் கெடக்குறவங்களுக்கு எதுக்கு டாக்டர் மூணு பேரு? எந்திரிச்சு ஓடவா போறாங்க?" என்று சிரித்தார் மேனேஜர்.

நாலாம் நாள் மாரியாயி செத்தாள்.

ஜீயபுரத்து வாழைத்தோட்டத்தில் அரிவாள் காலில் பட்டு வந்தவள். வயது இருபத்திரண்டு. கோடிக் கட்டிலில் குழாயோடு கிடந்தாள். அன்று மத்தியானம் முதல் கட்டில் பெரியவருக்கு இழுப்பு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். வாய் நிறைய ரத்தம். ரோஷன் அவர் தலையை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது, கோடியில் கண்ணாடி வளையல் கட்டில் கம்பியில் மோதும் சத்தம் கேட்டது.

"இதோ வந்துட்டேன்மா."

கையை எடுத்தால் பெரியவர் போய்விடுவார். வளையல் மறுபடியும் மோதியது. வேகமாக மோதியது.

அப்புறம் நின்றுவிட்டது.

'நோயாளி தானே குழாயைப் பிடுங்கிக்கொண்டார்' என்று எழுதிய காகிதத்தை மேனேஜர் அவள் பக்கம் தள்ளினார்.

"கையெழுத்துப் போடும்மா. இல்லேன்னா நீ கவனிக்கலன்னு எழுத வேண்டியிருக்கும்."

ரோஷன் போட்டாள். வராந்தாவில் மாரியாயியின் புருஷன் அடைக்கலம் நின்றிருந்தான். "அவ அப்படிச் செய்றவ இல்லீங்க நர்சம்மா. வீட்ல கைக்கொழந்த இருக்குங்க," என்றான். அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரம் மேனேஜர் வார்டைச் சுற்றிப் பார்க்க வந்தார். கோடிக் கட்டிலருகே போனதும், ஜன்னலை மூடியிருந்த துணி மரச்சட்டத்தோடு பிய்ந்து அவர் மேல் விழுந்தது. ஒரு பொட்டுக் காற்று இல்லை. சட்டத்திலிருந்த துருப்பிடித்த ஆணி அவர் பாதத்தில் இறங்கியிருந்தது.

ஊசி போட்டும் கேட்கவில்லை. எட்டாம் நாள் தாடை இறுகியது.

வார்டில் காலியாக இருந்தது கோடிக் கட்டில் ஒன்றுதான்.

டாக்டர் அவர் தொண்டையில் குழாய் வைத்துவிட்டு ரோஷனிடம் வந்தார். "பழைய நர்சுங்க ரெண்டு பேருக்கும் தந்தி அடிச்சாச்சு. உப்பிலியபுரத்துலேருந்து வரணும், சாயங்காலம் ஆயிடும். அதுவரைக்கும் நீங்கதாம்மா."

மத்தியானம் ரோஷன் அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். போகாதே, போகாதே என்று அவர் கண்கள் கெஞ்சின.

அப்போது முதல் கட்டிலில் சத்தம் கேட்டது.

கண்ணாடி வளையல்.

அங்கே படுத்திருந்தது அந்தப் பெரியவர்.

ரோஷன் ஓடிப்போய்ப் பார்த்தாள். அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். நாலாம் கட்டிலில் வளையல் மோதியது. அங்கேயும் தூக்கம். பிறகு எட்டாம் கட்டில்.

பிறகு பத்துக் கட்டில்களிலும் ஒரே நேரத்தில்.

காதைப் பிளக்கும் அந்தச் சத்தத்திலும் ஒருவருக்கும் இழுப்பு வரவில்லை. ஒருவரும் கண் விழிக்கவில்லை.

ரோஷன் கோடியைத் திரும்பிப் பார்த்தாள். அவள் விட்டுவந்த ஸ்டூலில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். முதுகு மட்டும் தெரிந்தது. வாழைக்கறை வாடை வந்தது.

"நீங்க அவங்களப் பாருங்க நர்சம்மா. இவர நான் பாத்துக்குறேன்."

மாரியாயியின் குரலை ரோஷன் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனாலும் தெரிந்துவிட்டது.

மேனேஜரின் மார்பு மேலும் கீழும் தவித்தது.

"விட்டுடும்மா," என்று ரோஷன் அழுதாள். "அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டது நானும்தான்."

அந்த உருவம் திரும்பவில்லை.

"உங்களுக்கு ரெண்டு கைதானே இருந்துச்சு."

ரோஷனால் காலை எடுத்துவைக்க முடியவில்லை. முடிந்தபோது வார்டு அமைதியாக இருந்தது. ஸ்டூல் காலி. பிலோமின்ராஜின் கண்கள் திறந்தபடி நிலைத்திருந்தன.

டாக்டர் குழாயைக் கழற்றி வராந்தா வெளிச்சத்தில் பார்த்தார். "அடைப்பே இல்லையேம்மா. எப்படி மூச்சு நின்னுச்சு?"

மாரியாயி குழாயைப் பிடுங்கவில்லை, பார்க்க ஆளில்லாமல் செத்தாள் என்று மட்டும் ரோஷன் சொன்னாள். அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஜீயபுரம் போய் அடைக்கலத்திடம் நேரில் சொல்லிவிட்டும் வந்தாள். அதன்பின் குழாய் வைத்த இரண்டு பேருக்கு ஒரு நர்ஸ் என்று ஆனது.

மூன்று வருஷம் அப்படியே நடந்தது. 1964இல் புது மேனேஜர் வந்தார். வார்டில் ஆள் அதிகம் என்றார். வேண்டாம் சார் என்று ரோஷன் எவ்வளவோ மன்றாடினாள். ஒரு நர்ஸ் போதும் என்ற உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்.

சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோனார்.

பல் திறக்கவில்லை.

டாக்டர் அவரை உச்சி முதல் பாதம் வரை புரட்டிப் பார்த்தார். உடம்பில் எங்கேயும் ஒரு கீறல்கூட இல்லை.