இஸ்திரிப் பெட்டிக்கு இசை: ஹரி

செத்தவன் தரையில் கிடந்தான்.

ஸ்பீக்கரில் அதே செத்தவன் பாடிக்கொண்டிருந்தான்.

'கசங்கிக் கெடக்குது ஊரு சனம்... நிமித்த வருது இஸ்திரிப் பெட்டி...'

ரகுபதி கையிலிருந்த மைக் ஸ்டாண்டைப் பார்த்தார். அதன் கனத்த இரும்பு அடிப்பாகத்தில் சித்தார்த்தனின் ரத்தம்.

குனிந்து அவன் மூக்கருகே விரல் வைத்தார்.

மூச்சு இல்லை.

மந்தைவெளியில், மாடியில் ஒரு சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோ அது. கதவைச் சாத்தினால் உள்ளே கொலையே நடந்தாலும் வெளியே கேட்காது.

நடந்தது. கேட்கவில்லை.

சற்று முன்பு வரை இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். தி.நகர் ஜவுளிக்கடை சுயம்புலிங்கம் மயிலாப்பூரில் சுயேச்சையாக நிற்கிறார். அவருக்கு அவசரமாக ஒரு பிரசாரப் பாட்டு வேண்டும். வேலை ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க வந்த ரகுபதி, கீபோர்டில் உட்கார்ந்த சூட்டில் ட்யூனும் போட்டார், வரியும் எழுதினார். ஸ்டுடியோக்காரன் சித்தார்த்தனே பாடிப் பதிவு செய்தான்.

பிறகுதான் அந்தப் பேச்சு.

"பாட்டு பட்டையைக் கிளப்புது சார். ஆனா ஹரி பேர்ல கொடுத்துடலாம்."

"ஏன்... என் பேருக்கு என்ன?"

"ரகுபதின்னா யாருன்னு ஜவுளிக்கடைக்காரர் கேப்பாரு. ஹரின்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கிப்பாரு."

"அவன் எனக்குக் கீழ கீபோர்டு வாசிச்சவன்டா."

"அதான் சார் வேடிக்கை. கீழ வாசிச்சவன் கார்ல போறான்... மேல இருந்தவரு பஸ்ல வர்றீங்க."

மைக் ஸ்டாண்ட் எப்போது கைக்கு வந்தது என்று ரகுபதிக்கு ஞாபகமில்லை.

இப்போது மூளை வேகமாக ஓடியது.

கம்ப்யூட்டரிலிருந்து பாட்டை அழித்தார். ஸ்டாண்டில் தன் கைரேகையைத் துடைத்து, பிணத்தின் தலையருகே சாய்த்தார். கீழே கிடந்த கேபிளை அவன் காலில் சுற்றினார்.

கேபிள் தடுக்கி விழுந்தான். இரும்பில் தலை மோதியது. செத்தான்.

அவ்வளவுதான்.

சித்தார்த்தனின் சட்டைப் பையிலிருந்த செல்போனை மட்டும் அவர் பார்க்கவில்லை. ஹரி பேர் போட்டு அந்தப் பாட்டு ஏற்கெனவே சுயம்புலிங்கத்தின் தேர்தல் அலுவலகத்துக்குப் போயிருந்தது. 'கொடுத்துடலாம்' என்று அவன் பேச்சுக்குத்தான் கேட்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் ஜோதிலட்சுமி, ஸ்டுடியோவுக்கு வந்து போகிற எல்லாரையும் விசாரித்தாள்.

"கடைசியா எப்ப அங்க போனீங்க சார்?"

"போய் ஒரு மாசத்துக்கு மேல ஆச்சும்மா."

"போன்ல பேசினீங்களா?"

"அதுவும் இல்லை."

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

நம்பிட்டா...

ரகுபதி நன்றாகத் தூங்கினார். லஸ் கார்னரில் டீ குடிக்கப் போன அந்தக் காலை வரைக்கும்.

ஒரு பிரசார வேன் திரும்பியது.

'கசங்கிக் கெடக்குது ஊரு சனம்...'



செத்தவன் தெருவில் பாடினான்!

பாட்டு முடிந்ததும் வேனில் இருந்தவன் மைக்கைப் பிடித்தான். "இசை... உங்கள் அபிமான ஹரி! சின்னம்... இஸ்திரிப் பெட்டி!"

டீக்கடைக்காரர் வேனைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா பாட்டு சார் இது... எம் பொண்டாட்டி இட்லி ஊத்த சொல்லோ கூட இத்தத்தான் பாடிக்கினு கீது."

"அவ்வளவு நல்லா இருக்கா?"

"அந்த ஆளுக்கு ஓட்டு போட மாட்டேன் நைனா. பாட்டு எலெக்‌ஷன்ல நின்னா பாட்டுக்குப் போடுவேன். ஹரின்னா ஹரிதான்."

ரகுபதி பாதி டீயை வைத்துவிட்டு நடந்தார். பயமாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

அன்று மாலை டிவியில் ஹரி.

"நண்பர் கேட்டார்னு விளையாட்டா போட்டுக் கொடுத்த பாட்டு அது," என்றான், மூன்று மைக்குகளுக்கு நடுவில். "அதை வேன்ல கட்டி ஓட்டு கேப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. என் பாட்டை என்னைக் கேட்காம எந்த அரசியல்வாதியும் பயன்படுத்தக் கூடாது. நிறுத்தலைன்னா கோர்ட்டுக்குப் போவேன்."

மனைவி ஜானகி கீரை ஆய்ந்தபடியே சொன்னாள். "என்ன தைரியம் பாருங்கோ அந்தப் பிள்ளைக்கு. பாட்டும் அமிர்தமா இருக்கு."

"அது என் பாட்டு."

"எது?"

"அந்த ட்யூன். எப்பவோ போட்டு வெச்சிருந்தேன்."

ஜானகி நிமிர்ந்து பார்த்தாள். "நன்னா இருக்கற எந்தப் பாட்டைக் கேட்டாலும் இதையேதான் சொல்றேள். உங்க பாட்டுன்னா போய் கம்ப்ளெயின்ட் கொடுங்கோ. ஆத்துல உக்காந்துண்டு டிவியை முறைச்சா ஆச்சா?"

மறுநாள் பேப்பரில் ஹரியின் படம். அதற்கு மறுநாள் ஒரு விவாத மேடை... 'கலைஞனின் தன்மானம்'. பெரிய பெரிய பாடகர்கள் ஹரியைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினார்கள்.

பாட்டைத் திருடினான், சரி. பாட்டு திருடு போச்சுன்னு அழற உரிமையையுமா திருடுவான்?

வாயைத் திறந்தால் கழுத்துக்குக் கயிறு. மூடினால் ஹரிக்கு மாலை.

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. ட்யூன் பழசு. என்றைக்கோ சித்தார்த்தனுக்கு வாசித்துக் காட்டியது. அவன் அதை ஹரிக்குக் கொடுத்துவிட்டான். இப்படிச் சொன்னால் யார் மறுக்க முடியும்? மறுக்க வேண்டியவன் சாம்பலாகிவிட்டானே...

ரகுபதி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு காவல் நிலையத்துக்குக் கிளம்பினார்.

ஜோதிலட்சுமி மரியாதையாக நாற்காலி போட்டாள். முழுவதும் கேட்டாள்.

"ட்யூன் உங்களுது. அதை ஒத்துக்கறேன் சார்."

ரகுபதிக்கு மார்பு விம்மியது.

"ஆனா சார்... நான் பாட்டு தெரிஞ்சவ இல்லை. தப்பா நினைக்காதீங்க. அந்த ட்யூன் சாதாரணமாத்தானே இருக்கு?"

"சாதாரணமா?"

"பாட்டு ஹிட்டானது வரியாலதானே? ஊரு சனம் கசங்கிக் கெடக்குதுன்னு சொல்லி, நிமித்த இஸ்திரிப் பெட்டி வருதுன்னு முடிக்கிறது... சின்னத்தை எப்படிக் கொண்டு வந்து சேர்த்திருக்காரு. ஹரி சார் மூளையே மூளை."

ரகுபதி மேசை விளிம்பைப் பிடித்திருந்தார்.

"ட்யூனுக்கு வேணா உங்க பேரைச் சின்னதா போடச் சொல்லலாம். வரிக்கு ஹரி பேரைப் பெருசா..."

"அவனுக்கு ஒரு வரி எழுத வராதும்மா!"

"பின்ன யாரு எழுதினது?"

"நான்தான். கசங்கல்ல ஆரம்பிச்சு இஸ்திரிப் பெட்டியில முடிக்கிறது என் யோசனை. ஒரு எழுத்துகூட அவனுது இல்லை. எழுதிக்கோங்க."

ஜோதிலட்சுமி எழுதிக்கொண்டாள். படித்துக் காட்டினாள். அவர் கையெழுத்தும் போட்டார்.

"ஒரே ஒரு சந்தேகம் சார். சுயேச்சைக்கு என்ன சின்னம்னு யாருக்கும் முன்னாடியே தெரியாது. சுயம்புலிங்கத்துக்கே தெரியாது. சித்தார்த்தன் செத்த அன்னிக்கு மத்தியானத்துக்கு மேலதான் இஸ்திரிப் பெட்டியை ஒதுக்கினாங்க. சாயங்காலம் அவர் ஆபீசுக்குப் பாட்டு வந்துடுச்சு. அதுக்கப்புறம் சித்தார்த்தன் யார்கிட்டயும் பேசலை."

ஜோதிலட்சுமி அவர் கையெழுத்துப் போட்ட தாளை மடித்தாள்.

"ஒரு மாசமா நீங்க அங்க போகலை. போன்லயும் பேசலை. அப்ப அந்த வரியை எங்க வெச்சு எழுதினீங்க சார்?"

ரகுபதி அந்தத் தாளுக்குக் கை நீட்டினார். அவள் அதை இழுப்பறையில் போட்டாள்.

"சித்தார்த்தன் போன்ல இருந்த பாட்டு கம்ப்யூட்டர்ல இல்லை, கொன்னவன்தான் அழிச்சிருக்கணும். உடனே நாங்க ஹரி சாரைத்தான் கூப்பிட்டோம். 'இது என் பாட்டே இல்லை, முதல்ல என் பேரை எடுக்கச் சொல்லுங்க'ன்னு இங்க வந்து சண்டை போட்டாரு. நான்தான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்... கொஞ்ச நாளைக்கு உங்க பாட்டுன்னே டிவில சொல்லுங்க, சொந்தக்காரருக்குப் பொறுக்காம இங்க வருவாருன்னு."

இரண்டு கான்ஸ்டபிள்கள் உள்ளே வந்து நின்றார்கள்.

ரகுபதி எழுந்தார்.  போகும் முன் கேட்டார்.

"ஹரி... பாட்டு எப்படி இருக்குன்னு சொன்னான்?"

"இவ்வளவு நல்லா ஒண்ணு இதுவரைக்கும் தனக்கு அமையலைன்னு சொன்னாரு."

கைதாகப் போகிற மனிதரின் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து உட்கார்ந்தது.

ஜோதிலட்சுமி விலங்கை எடுத்தாள்.

"கவலையை விடுங்க சார். இனிமே இந்தப் பாட்டு என்னுதுன்னு ஒருத்தனும் போட்டிக்கு வர மாட்டான்."