கால் முளைத்த இரண்டு யூரோ

"என் காச எவன் திருடினாலும், அது கால் முளைச்சு நடந்து என் வாசலுக்கே வந்துடும்!"

ஜூலியன் மீசையை முறுக்கினார். பிரெஞ்சு ராணுவத்தில் ரிட்டயராகி, குருசுக்குப்பத்துக்குத் திரும்பிய சொல்தா. கையில் ஓர் இரண்டு யூரோ காசு. நடுவில் தங்க நிறம், ஓரத்தில் வெள்ளி.

"யூரோ புழங்குற தம்மாத்தூண்டு நாடு ஒண்ணு அடிச்சது. ஒரு பீடி பிடிக்கிறதுக்குள்ள அந்த நாட்டச் சுத்திடலாம். கொஞ்சமாத்தான் அடிச்சான், அதான் இந்த ஒத்தக் காசு இன்னிக்கு மூணு லட்சம் ரூவா! நாளைக்கு பாரீஸ் பார்ட்டி வரான். வித்து லினெட்டுக்கு பேக்கரி வெச்சுக் குடுக்கப் போறேன்."

மகள் லினெட்டின் முகம் மலர்ந்தது.

எதிர்வீட்டு சூசைநாதனின் வயிறு எரிந்தது. அந்த நெருப்பில் வீராம்பட்டினம் தேருக்கு வந்த கூட்டத்துக்கே சோறு வடிக்கலாம்!

"நடந்து வருமா? போடா டேய்! அறுபத்திரண்டுல நம்ம ஊரு இந்தியாவோட சேந்தப்போ உன் தாத்தா பிரான்ஸ்காரனாவே இருக்கேன்னு எழுதிக் குடுத்தாரு. என் தாத்தா அன்னிக்குன்னு சாராயக்கடையில மட்டையாயிட்டாரு. அதனால நீ யூரோ... நான் ஈ.எம்.ஐ!"

மறுநாள் காலை...

"ஐயோ!"

லினெட்டின் அலறலில் கடற்கரைக் காக்கைகள் காரைக்கால் வரை பறந்தன.

காசு இல்லை!

எஸ்.ஐ. பூர்ணிமா வந்தாள். அலமாரியைக் குடைந்தாள். மூலையில் ஒரு குடம். அது நிறையக் காசு.

"இது என்ன சார்?"

"பத்து ரூவா காசும்மா. இந்தத் தெருவுல ஒரு கடைக்காரனும் வாங்க மாட்டான். செல்லாதுன்னுவான். எல்லாரும் எங்கிட்ட வந்துதான் நோட்டா மாத்திக்குவாங்க."

வாசலில் சூசைநாதன். முகமெல்லாம் பல்!

"என்னா, பிரெஞ்சுக்கார முசியே... காசு கெளம்பிடுச்சா? பஸ்சு கெடைக்கலியா?"

"நடந்தே வரும்டா," என்றார் ஜூலியன்.

"வந்தா என் மீசைய எடுத்துடறேன்!"

லினெட் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாரீஸ் பார்ட்டி வரும் நேரம்...

அப்போது...

சரக்... சரக்... செருப்புச் சத்தம்!

சூசைநாதனின் மனைவி ஞானமேரி மூச்சிரைக்க வந்தாள்.

"அண்ணே, இந்தப் பத்து ரூவா காச மாத்திக் குடுங்க. பூக்காரி வாங்க மாட்டேன்னுட்டா. கலர மாத்தி வேற அடிச்சிருக்கானுங்க பாருங்க, நடுவுல மஞ்சளு, ஓரத்துல வெள்ள!"

உள்ளங்கையை விரித்தாள்.

இரண்டு யூரோ!

சூசைநாதனின் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.

பூர்ணிமா மெல்லக் கேட்டாள்.

"இது எங்கம்மா கெடச்சுது?"

"இவரு பேண்ட்டு ஜோபியில. தோய்க்கப் போட்டேன்... டங்குன்னு விழுந்துச்சு. ஏம்மா?"

"ஏய்... வீட்டுக்குப் போடி!" சூசைநாதன் சீறினார்.

"நீங்க ஸ்டேஷனுக்கு வாங்க சார்," என்றாள் பூர்ணிமா.

சூசைநாதன் பொங்கினார். "விக்கணும்னு எடுக்கலம்மா! ஒரு நாளாவது அவன் பாக்கெட்டுல இல்லாம என் பாக்கெட்டுல கெடக்கட்டும்னு..."

லினெட் காசை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஜீப் கதவு திறந்தது.

"ஏன் சார், காசு நடந்து வராதுன்னீங்களே?" என்றாள் பூர்ணிமா.

சூசைநாதன் மனைவியின் பாதங்களைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"வந்துச்சும்மா. என் ரெண்டு கண்ணால பாத்தேன். கால் முளைச்சுதான் வந்துச்சு... மெட்டிகூடப் போட்டிருந்துச்சு!"