பெட்டிக்குள் மாறிய பிளக்

"ஏதாவது திருடு போயிருந்தாக்கூட நிம்மதியா இருந்திருப்பேன் மேடம். எதுவும் போகல. அதான் பயமா இருக்கு."

வளவன் இதைச் சொன்னபோது ராஜ்மோகன் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். கத்தியை அப்படியே போட்டுவிட்டு முன்னறைக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். அனல் மின்நிலையத்து ஸ்டோரில் அவனுக்குப் பெர்மனன்ட் வேலை. மனைவி கண்ணகிக்கு உதவியாளன் என்பது அவனாகவே போட்டுக்கொண்ட இன்னொரு வேலை. காவல் துறையின் குற்றப் பிரிவிலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற கண்ணகி, தனியாகத் துப்பறியத் தொடங்கிய நாளிலிருந்து அவனுக்கு வார விடுமுறை எப்போது வரும் என்றிருந்தது.

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள் கண்ணகி. அவள் குரல் எப்போதும் ஒரே நிதானத்தில் இருக்கும்.

"நெய்வேலி டவுன்ஷிப்புலேருந்து அந்தக் கடலோர தீம் பார்க் ரிசார்ட்டுக்குப் போற குடும்பங்களுக்கு லக்கேஜ் சர்வீஸ் பண்றேன் மேடம். முந்தின நாள் சாயந்திரம் வூட்டு வாசல்லயே பெட்டிய வாங்கி, எடை போட்டு, டேக் மாட்டி சீல் வெச்சிடுவோம். ராத்திரி நம்ம ஷெட்டுல இருக்கும். விடிஞ்சதும் வேன் கிளம்பும். அவங்க கைய வீசிக்கினு போனா போதும், பெட்டி ரூம்ல காத்துக்கினு இருக்கும். அங்கேருந்து வெளிநாடு போறவங்கன்னா ரிசார்ட் கவுன்ட்டர்லயே பெட்டிய செக்-இன் பண்ணி, ஏர்போர்ட் ஷட்டில்ல ஏத்திடுவோம்."

"நல்ல வசதிதான். இப்ப என்ன ஆச்சு?"

"ஹரிணின்னு ஒரு பொண்ணு. புருஷன் அருண்பிரசாத், கையில ஒரு சின்னப் பொண்ணு. மெல்போர்னுக்குக் குடி போறாங்க. போறதுக்கு முன்னாடி குழந்தையோட ஒரு நாளாவது சந்தோஷமா இருக்கணும்னு ரிசார்ட்ல ரூம் போட்டாங்க. இன்னிக்குக் காலையில பெட்டியத் திறந்தா, புது மிக்ஸியோட பிளக் வேற!"

வளவன் போனை நீட்டினார். முதல் படத்தில் மிக்ஸியின் ஒயர். அதன் முனையில் நம் ஊரின் உருண்டைக் கால்கள் இல்லை. தட்டையான மூன்று கால்கள். அவற்றில் இரண்டு ஓட்டுக்கூரை போலச் சாய்ந்திருந்தன. அடுத்த படத்தில் பெட்டியின் டேக். வளவன் ஆட்கள் மாட்டும் பிளாஸ்டிக் சீல் காணவில்லை. அந்த இடத்தில் மெல்லிய செப்புக் கம்பி முறுக்கிக் கட்டியிருந்தது.

"ரிசார்ட் மேனேஜர் விஷ்ணு கொதிக்கிறாரு. பறக்கப்போற பெட்டியில எலெக்ட்ரிக் சாமானை யாரோ பிரிச்சிருக்காங்க, சாயந்திரம் ஷட்டில் கிளம்பறதுக்குள்ள யாருன்னு தெரியணும், இல்லன்னா அய்யனாரைப் போலீஸ்ல கொடுத்துடுவேன், என் கான்ட்ராக்டும் அவ்வளவுதான்னுட்டாரு. அய்யனார்தான் பெட்டி வாங்கறவன், வேன் ஓட்டறவன். ஷெட் சாவி என்கிட்டயும் அவன்கிட்டயும்தான் இருக்கு. வேன் வழியில எங்கயும் நிக்கல. ஜி.பி.எஸ்.ல பாத்துட்டேன்."

"தங்கம்!" என்றான் ராஜ்மோகன். "மோட்டாருக்குள்ள காயிலை எடுத்துட்டுத் தங்கக் கம்பியைச் சுத்தியிருக்கான். அங்க இறங்கினதும் கூட்டாளி வாங்கிப்பான். அடையாளத்துக்குத்தான் பிளக் மாத்தினது!"

"என்னங்க, தங்கத்தை ஒளிச்சவன் பெட்டியைத் திறந்ததும் கண்ல படற மாதிரி பிளக்கை மாத்துவானா?" என்றாள் கண்ணகி. "வெங்காயத்தை மூடி வச்சிட்டு வாங்க. ஷெட்டைப் பாக்கலாம்."

*

மெயின் பஜாருக்குப் பின்புறம் இருந்த ஷெட்டில் அய்யனார் ஒரு ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தான். முப்பது வயதிருக்கும். வேன் ஓட்ட வருமுன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தவன் என்று வளவன் வழியிலேயே சொல்லியிருந்தார்.

"நான் எதையும் திருடலங்க. அதுக்கு மேல ஒண்ணும் கேக்காதீங்க" என்றான் தலை நிமிராமல்.

"டேய், உன் பொழப்போட என் பொழப்பும் போவுதுடா!" என்று வளவன் கத்தினார். "வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்க?"

கண்ணகி குப்பைக் கூடையைக் கிளறிக்கொண்டிருந்தாள். மடித்த ஒரு காகிதப் பொட்டலம் கிடைத்தது. பிரித்தால், உள்ளே ஒயரிலிருந்து சீவிய தோல் துணுக்குகள். பக்கத்திலேயே கழற்றிய பழைய பிளக்.

"துணுக்கு ஒண்ணுகூடத் தரையில இல்ல" என்றாள் கண்ணகி. "வேலை செஞ்ச இடத்தைச் சுத்தம் பண்ணிட்டுத்தான் எழுந்து போவார் போல."

"தடயத்தை அழிச்சிருக்கான்" என்றான் ராஜ்மோகன்.

"அழிக்கிறவர் பொட்டலம் கட்டி இங்கேயே வச்சிட்டுப் போவாரா?" அவள் அய்யனார் பக்கம் திரும்பினாள். "யாருக்கோ வாக்கு கொடுத்திருக்கீங்க. சரிதானே?"

அய்யனார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். கண்ணகி வற்புறுத்தவில்லை. வளவனிடம் எண்ணை வாங்கி ஹரிணியை அழைத்தாள். ராஜ்மோகன் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். பின்னணியில் ராட்டினத்தின் இரைச்சலும் குழந்தைகளின் கூச்சலும் கேட்டன.

"பெட்டியில நம்பர் பூட்டு இருந்துதாம்மா?"

"இருந்துதுங்க. உடைக்கல, நெம்பல. நம்பர் போட்டுத்தான் திறந்திருக்காங்க. ஆனா அந்த நம்பர் யாருக்குமே தெரியாதுங்க. இவருக்கே தெரியாது."

"பிறந்த நாளா?"

"இல்லங்க. ஒண்ணு, ஏழு, மூணு. சும்மா... எனக்குப் பிடிச்ச நம்பர்."

"நீங்க நெய்வேலியிலதான் வளர்ந்தீங்களா?"

"ஆமாங்க. இருபத்தோராவது பிளாக்." குரல் சட்டென்று சுருங்கியது. "இப்ப அந்த வீட்டோட போக்குவரத்து இல்லங்க."

கண்ணகி போனை வைத்துவிட்டு வளவனிடம், "எல்லாரும் ரிசார்ட்டுக்குப் போகலாம். அய்யனாரே ஓட்டட்டும். வேன்ல ஒரு சீட்டு மட்டும் காலியா இருக்கணும்" என்றாள்.

*

வேன் நேராக ஊரை விட்டு வெளியேறவில்லை. கண்ணகி வழி சொல்லச் சொல்ல, ஒரே மாதிரி குவார்ட்டர்ஸ்களும் ஒரே மாதிரி வேப்பமரங்களும் வரிசையாக நின்ற தெருவுக்குள் நுழைந்தது. ஒரு வீட்டின் முன் அவள் இறங்கினாள். சுவரில் எழுதியிருந்த எண்ணில் நடு இலக்கம் சுண்ணாம்போடு உதிர்ந்துபோயிருந்தது. மற்றபடி முதலில் ஒன்று, கடைசியில் மூன்று.

அவள் வாசலில் நின்று நெடுநேரம் பேசினாள். பிறகு சாம்பல் நிறச் சட்டை அணிந்த, ஐம்பது தாண்டிய ஒருவர் கதவைப் பூட்டிக்கொண்டு வந்தார். பூட்டை இருமுறை இழுத்துப் பார்த்தார். அவர் வேனில் ஏறியபோது அய்யனாரின் கால் தவறி வேன் ஒருமுறை குலுங்கியது.

"யாரு?" என்று ராஜ்மோகன் கிசுகிசுத்தான்.

"பேர் சிங்காரவேலு. மைன்ஸ்ல எலெக்ட்ரீஷியன். ஒயர் வேலையைப் பத்திச் சொல்ல ஆள் வேணாமா?"

நிபுணர் சாட்சி! ராஜ்மோகனுக்குப் பெருமை தாங்கவில்லை. கடலூர் தாண்டும்வரை தன் தங்கக் கம்பிக் கதையை அவரிடம் விளக்கிக்கொண்டே வந்தான். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "அப்புடிங்களா, அப்புடிங்களா" என்று மட்டும் சொன்னார். கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்திருந்தன.

*

ரிசார்ட்டின் லக்கேஜ் அறையில் ஹரிணி, தோளில் தூங்கும் குழந்தையோடு நின்றிருந்தாள். அருண்பிரசாத் பெட்டியை ஏதோ கடிக்கிற பிராணியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். சிங்காரவேலுவை வேனிலேயே இருக்கச் சொல்லிவிட்டாள் கண்ணகி.

"நேரம் இல்லைங்க மேடம்" என்றார் மேனேஜர் விஷ்ணு. "கவுன்ட்டர்ல ஒவ்வொரு கெஸ்ட்டையும் நாங்க ஒரு கேள்வி கேட்டே ஆகணும். பெட்டியை அடுக்கினது யாருன்னு. இந்தம்மா என்ன பதில் சொல்வாங்க? யாரோ ஒருத்தன்னா?"

"அதே கேள்விக்குத்தான் நானும் பதில் தேடினேன்" என்றாள் கண்ணகி. "என்னங்க, அந்த பிளக்கைக் கழட்டுங்க."

ராஜ்மோகன் ஸ்க்ரூ டிரைவரால் மூடியைத் திறந்தான். மூன்று ஒயர்களும் முறுக்குக் குலையாமல் திருகாணிகளின் கீழ் அடங்கியிருந்தன.

"மூணும் ஒரே நீளமா இருக்கா?"

"இல்ல. பச்சை ஒயர் மட்டும் கொஞ்சம் நீளம். அதை மட்டும் தளர்வா விட்டிருக்கான்."

"விட்டிருக்கார்" என்று திருத்தினாள் கண்ணகி. "பச்சைதான் எர்த். யாராவது ஒயரைப் பிடிச்சு இழுத்தா மத்த ரெண்டும் முதல்ல பிடுங்கிக்கும், எர்த் கடைசிவரைக்கும் நிக்கும். தொட்டவங்களுக்கு ஷாக் அடிக்காது. ஒயரைப் பிடிச்சு இழுக்கிற வயசுல ஒரு குழந்தை வீட்ல இருக்குன்னு நினைச்சுப் பாத்து செஞ்ச வேலை இது. கெடுதல் பண்ண வந்தவர் இவ்வளவு மெனக்கெடுவாரா?"

விஷ்ணு குனிந்து அந்தப் பச்சை ஒயரைப் பார்த்தார்.

"அடுத்தது, இந்த சாய்ஞ்ச கால் பிளக். ஆஸ்திரேலியாவுல இதுதான் சுவத்துல மாட்டும். நம்ம ஊர் பிளக் அங்க மாட்டாது. மின்சாரம் ஒண்ணுதான், பிளக்கை மட்டும் மாத்தினா மிக்ஸி அங்கேயும் ஓடும். நெய்வேலி பஜார்ல இது கிடைக்காது. அப்படின்னா, நீங்க எங்க போறீங்கன்னு தெரிஞ்சு, முன்னாடியே சொல்லி வரவழைச்சு வச்சிருந்த ஒருத்தர். அப்புறம் டேக்குல இருந்த கம்பி. பாருங்க, முறுக்கின முனை ரெண்டையும் உள்பக்கமா மடக்கி வச்சிருக்கு. அடுத்தவங்க கையைக் கிழிக்கக் கூடாதுன்னு காலம் பூரா ஒயரோட பழகினவங்களுக்குத் தானா வர்ற பழக்கம்."

"அப்ப பூட்டு?" என்றான் அருண்பிரசாத். "எனக்கே தெரியாத நம்பர் அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தெரியல. ஊகிச்சார்." கண்ணகி ஹரிணியைப் பார்த்தாள். "உங்களுக்குப் பிடிச்ச நம்பர்னு சொன்னீங்க. நூத்தி எழுபத்து மூணு. இருபத்தோராவது பிளாக்ல அந்த நம்பர் போட்ட குவார்ட்டர்ஸ் வாசல்ல காலையில நான் நின்னேன்மா. நடு நம்பர் உதிர்ந்திருக்கு. ஆனா கதவைத் திறந்தவர் முகத்துல உங்க மூக்கு அப்படியே இருந்துது."

ராஜ்மோகனின் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் தரையில் விழுந்து உருண்டது. நிபுணர் சாட்சி!

"எங்கப்பா" என்றாள் ஹரிணி. யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாததுபோல மறுபடியும், "எங்கப்பா" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அய்யனார் வாயைத் திறந்தான். "மைன்ஸ்ல நான் அவரு கிட்டதாங்க எடுபிடியா இருந்தேன். பெட்டி வாங்கப் போனப்ப, மிக்ஸிக்கு அங்க பிளக் சேராது, போய்ப் பாத்துக்கலாம்னு இவங்க பேசிக்கினு இருந்தாங்க. டீக்கடையில அவரைப் பாத்தப்ப வாய் சும்மா இருக்காம சொல்லிப்புட்டேன். அவ வெளிநாடு போறான்னு கேள்விப்பட்டதுலேருந்து இதுக்குன்னே பிளக்கு வாங்கி வச்சிக்கினு, எப்புடிக் குடுக்கறதுன்னு தெரியாம இருக்கேன்டான்னு அழுதாருங்க. எம் பேரு அவளுக்குத் தெரிய வேணான்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கினாரு."

"ஆனா செஞ்சது தப்புதான்" என்றாள் கண்ணகி. "நம்பிக் கொடுத்த பெட்டியைத் திறக்க விட்டது தப்பு."

"தப்புதாங்க" என்றான் அய்யனார்.

அருண்பிரசாத் நெற்றியைத் தேய்த்தான். "கல்யாணத்துக்குக் கூப்பிட்டப்ப கதவைச் சாத்தினவருங்க. குழந்தை பிறந்தப்பவும் ஆஸ்பத்திரிக்கு வரல. அவரா?"

"அவர்தான். எங்கே இருக்காருன்னு கேக்கலையே?" என்றாள் கண்ணகி. "வாசல்ல, வேன்ல."

ஹரிணி குழந்தையோடு ஓடவில்லை, வேகமாக நடந்தாள். ராஜ்மோகன் பின்னாலேயே போனான். வேனின் கடைசி இருக்கையில் சிங்காரவேலு எழவும் முடியாமல், உட்காரவும் முடியாமல் இருந்தார்.

"இவ்ளோ தூரம் வந்துட்டு உள்ள வரத் தெரியாதா? இங்கயே குந்திக்கினு இருக்க!" என்று வெடித்தாள் ஹரிணி. போனில் கேட்ட அடக்கமான பேச்சு எங்கேயோ போய்விட்டிருந்தது. "திருடன் மாதிரி பெட்டியத் தொறந்தியே, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா குடுக்க மாட்டேனா?"

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு கேக்கறது?" என்றார் சிங்காரவேலு. "மொதல்ல உன் பொறந்த நாளைப் போட்டேன். தொறக்கல. சரி, எல்லாத்தையும் மறந்துட்டுப் போற பொண்ணு, அது நம்பரு நமக்கு எப்புடித் தெரியும்னு பூட்டைக் கீழ வச்சிட்டேன். அப்புறம் கை சும்மா இருக்காம வூட்டு நம்பரைப் போட்டுது. டக்குனு தொறந்துக்குச்சு." அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "பிளக்கு மாத்த கொஞ்ச நேரம்தான் ஆவும். அதுக்கப்புறம் நான் பெட்டிகிட்டயே ரொம்ப நேரம் குந்திக்கினு இருந்தேன். அய்யனாருதான் எழுப்பி அனுப்பினான்."

குழந்தை விழித்துக்கொண்டு, புதிய முகத்தை வாய் திறந்து பார்த்தது. பிறகு சட்டைப்பையில் செருகியிருந்த டெஸ்டரைப் பிடித்து இழுத்தது.

"பாரு, எடுத்ததும் ஒயர் வேலைக்கு வந்துட்டா" என்றார் சிங்காரவேலு. குழந்தையை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

அருண்பிரசாத் வேன் கதவருகே வந்து நின்றான். கொஞ்சம் தயங்கினான். "மாமா, இறங்கி வாங்க. ஷட்டிலுக்கு இன்னும் நேரம் இருக்கு. சாப்பிட்டுட்டு ஏர்போர்ட் வரைக்கும் எங்ககூட வாங்க."

சிங்காரவேலு தலையாட்டினார். இறங்கும்போது மருமகன் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டார். "ஜாரை ரொப்பி அரைக்காதீங்க தம்பி. மோட்டாரு சூடாயிடும்" என்றார். அவரால் அப்போதைக்கு மன்னிப்பு கேட்க முடிந்தது அவ்வளவுதான்.

*

சாயந்திரம் ஷட்டில் வாசலில் நின்றது. கவுன்ட்டரில் சிங்காரவேலுவே மிக்ஸியைத் திரும்ப எடுத்து, ஒயரைச் சுற்றி, புடவைகளுக்கு நடுவில் வைத்தார். ஹரிணி மேலே குழந்தையின் ஸ்வெட்டரை மடித்து வைத்து மூடினாள். அய்யனார் புதிய சீலோடு காத்திருந்தான். அவன் வேலையில் தொடரலாம், ஆனால் ஷெட் சாவி கொஞ்ச நாள் தன்னிடம்தான் என்று வளவன் சொல்லிவிட்டிருந்தார். விஷ்ணுவும் அதோடு விட்டுவிட்டார்.

"என் தங்கக் கம்பிதான் அநியாயமாப் போச்சு" என்று ராஜ்மோகன் முணுமுணுத்தான்.

"ஷ்ஷ், கேளுங்க" என்றாள் கண்ணகி. அவன் முழங்கையை அவள் பிடித்திருந்தாள். பொதுவாக அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை.

விஷ்ணு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லோரிடமும் கேட்கும் கேள்வியையே கேட்டார்.

"இந்தப் பெட்டியை அடுக்கினது யாரும்மா?"

ஹரிணி பூட்டின் எண்களைக் கலைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நானும் எங்கப்பாவும்" என்றாள்.