கால் திருப்பு

ஸ்கூட்டரின் முன்சக்கரத்து நட்டு மறுபடியும் தளர்ந்திருந்தது. விரலாலேயே சுழற்ற முடிந்தது. முந்தின நாள்தான் நந்தகோபால் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை இறுக்கியிருந்தார்.

அவர் மனைவி பூங்கோதை கார் ஷெட்டு வாசலில் முழங்காலில் கட்டோடு நின்றாள். காலையில் வேலைக்குப் போகும் வழியில், மேம்பாலத்து இறக்கத்தில் வண்டி ஆடி அவளைத் தடுப்புச்சுவரில் கொண்டு மோதியிருந்தது. பின்னால் லாரி வராததால் பிழைத்தாள்.

"ஒர்க்‌ஷாப்புல குடுத்துக்கறேன்னு அன்னிக்கே சொன்னேனுங்களே," என்றாள்.

"அவன் மட்டும் ஒழுங்கா செய்வான்னு என்ன நிச்சயம்?" என்ற நந்தகோபால், நட்டை மறுபடி விரலால் சுழற்றிப் பார்த்தார்.

அவர் சந்தேகம் நேரே, நட்டை இறுக்கிய ஸ்பேனர் மேல் போயிற்று. உக்கடத்துப் பழைய சாமான் கடையில் வாங்கியது. வாகுப்பிடி உள்ள ரகம். கைப்பிடிக்குள் ஒரு மெல்லிய உணர்படலம் இருக்கும். பிடித்தவர் கை எவ்வளவு அழுத்தியது, எங்கே நிறுத்தியது என்பதையெல்லாம் அது நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்துப் பிடிப்பவர் கையையும் அதே வழியில் மெல்லத் தள்ளிவிடும். காலமெல்லாம் லாரிக்கடியில் படுத்தவரின் கைவாகு, பேனா தவிர வேறெதுவும் பிடித்தறியாதவருக்கும் ஒரே நாளில் வந்துவிடும். அதனால் புதுக் கருவியை யாரும் சீந்துவதில்லை. துருப்பிடித்த பழசுக்குத்தான் கிராக்கி. கோயமுத்தூரில் பாதிப் பேர் காரை வெயிலில் நிறுத்திவிட்டு ஷெட்டில் பட்டறை போட்டிருந்தார்கள்.

தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்ற நந்தகோபாலும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். அடுத்தவன் போட்ட கூட்டலை நம்பாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்கியவர். பழைய கருவிகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, எண்ணெய் பூசி, நாலு நட்டில் போட்டுச் சோதித்துவிட்டுத் தெருவுக்கெல்லாம் இரவல் கொடுப்பார். துரு போய்விடும், வாகு போகாது.

இப்போது மனைவி பார்க்க நட்டை இறுக்கிக் காட்டினார். நன்றாகவே இறுகியது. கையை எடுக்கப் போன நேரத்தில் கைப்பிடி உள்ளங்கையை நெருடி, மணிக்கட்டைப் பின்பக்கம் தள்ளியது. நட்டு கால் சுற்று திரும்பி நின்றது.

"பாத்தியா? இது மெக்கானிக் கை இல்ல. கழட்டிவிட்டு வேடிக்கை பாத்தவன் கை. எத்தனை குடும்பத்தைக் கெடுத்தானோ."

ஸ்பேனரைத் துணியில் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரி ஜெயசீலி பழைய டிரில் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, ஒரு கொலைகாரன் சாமானை என் தலையில கட்டிட்டயே."

"உக்காருங்க சார். யாரு கைன்னு பாத்துரலாம்."

ஸ்பேனரை, கைவாகைப் படித்துக் காட்டும் வாகுமானியில் மாட்டினாள். பதிந்த கைகள் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காகத் திரையில் விரிந்தன. அடியில் இருந்தது ஒரு லாரிப் பட்டறைக்காரரின் கை. இறுக்கினால் இறுக்கியதுதான், ஒரு பிசிறில்லை. அதற்கு மேலே வேறொரு கை. இறுக்கு, கால் சுற்று திருப்பு, இறுக்கு. மறுபடி திருப்பு, மறுபடி இறுக்கு.

"இவன்தான்," என்றார் நந்தகோபால்.

ஜெயசீலி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வாகுமானியின் பிடியை அவர் பக்கம் நகர்த்தி, "இதைக் கொஞ்சம் பிடிங்க," என்றாள்.

பிடித்தார். அந்தக் கையும் இதுவும் ஒன்றுதான் என்று பச்சை விளக்கு எரிந்தது.

"மிஷினு கோளாறு. எல்லாருக்கும் பச்சைதான் காட்டும்."

அவள் தன் கையை வைத்தாள். சிவப்பு எரிந்தது. அவர் மறுபடி வைத்தார், பச்சை. இன்னொரு தடவை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இறுகிருச்சான்னு திருப்பித் திருப்பிப் பாப்பீங்களா சார்?"

"பாக்காம? பாத்துட்டுத் திரும்ப இறுக்கிருவேனே."

"கடைசியா இறுக்கறது நீங்க. அதுக்கப்புறம் ஸ்பேனர் ஒருவாட்டி பாக்குது. நீங்க போதும்னு விட்டாலும் அதுக்கு இன்னும் சந்தேகம் தீரல."

பூங்கோதையை மேம்பாலத்தில் தள்ளிவிட்டது தான்தான் என்ற நினைப்பை நந்தகோபாலால் தாங்க முடியவில்லை. ஷெட்டிலிருந்து தெருவுக்குப் போன கருவிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எல்லாமே அவர் சோதித்துக் கொடுத்தவை. எதிர்வீட்டுச் சம்பத்துக்குப் போன் போட்டார்.

"சம்பத்து, பூங்கா ஊஞ்சல்ல குழந்தைகளை ஏத்தாதீங்க."

"ஏனுங்க? நேத்துத்தான் நீங்க இரவல் குடுத்த ஸ்பேனரை வெச்சு எல்லாத்தையும் இறுக்கினோம்."

"அதனாலதான் சொல்றேன்."

ஜெயசீலி மூலையில் தூசி படிந்து கிடந்த ஒரு புது ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். வாகுப்பிடி இல்லாத வெறும் இரும்பு. "இதுக்கு ஒண்ணுமே தெரியாது சார். பயப்படாம இறுக்குங்க."

மறுநாள் காலை பூங்கோதை சாவியோடு காத்து நின்றாள். நந்தகோபால் மண்டியிட்டு, புது ஸ்பேனரால் நட்டை இறுக்கினார். அது அசைய மறுக்கும்வரை இறுக்கினார்.

"போதுங்க, விடுங்க," என்றாள்.

"போதும்," என்றார் அவரும்.

சொல்லி வாய் மூடவில்லை; அவர் மணிக்கட்டு தானாகவே நட்டைக் கால் சுற்று பின்னால் திருப்பியது.

இருவரும் அந்த வெறும் இரும்பைப் பார்த்தார்கள். பூங்கோதை வண்டிச் சாவியை உள்ளே கொண்டுபோய் மாட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.