மூன்றாம் லெவலா, நான்காம் லெவலா

“இந்த ரிப்போர்ட் எழுதினது யாரு?”

ஸ்கேன் படங்கள் பார்க்கும் இருட்டறைக்குள், தலையில் மழைத்துளிகளோடு ஒருவன் நின்றிருந்தான். தியோடர்... புதிதாகச் சேர்ந்த அறுவை மருத்துவன்.

“நான்தான், டாக்டர். என் பேரு சங்கமித்ரா.”

“கழுத்து நெறிக்கட்டியை மூணாம் லெவல்னு போட்டிருக்கீங்க. அது நாலு. நாளைக்கு ஆபரேஷன். எவ்வளவு கீழ வரைக்கும் போகணும்னு இதை வச்சுத்தான் முடிவு பண்ணணும்.”

அவன் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அறையில் இருந்த எல்லோர் முன்னும் இப்படி... அவளுக்குக் காது சுட்டது. கழுத்தை மேலிருந்து கீழாகப் பிரித்து எண்ணும் லெவல்களில் மூன்றும் நான்கும் அடுத்தடுத்தவை. படத்தை மெல்ல நகர்த்தினாள்.

“குரல்வளையோட அடியில இந்த மோதிரக் குருத்தெலும்பு. இதோட கீழ் விளிம்புக்கு மேல இருந்தா மூணு. கட்டி மேலதான் இருக்கு.”

அவன் குனிந்தான். அத்தனை அருகில் அந்தக் கண்கள்...

“அறுக்கும்போது நாங்க அதைப் பார்க்கிறதில்ல. குறுக்கே போகுதே இந்தத் தசை, இதுக்குக் கீழ இருந்தா எங்களுக்கு நாலு.”

“அப்போ ரெண்டு பேரும் சரிதான்.”

“ம்...” என்றான். மன்னிப்பாக ஒரு சொல் இல்லை. போய்விட்டான்.

கட்டி தசைக்குக் கீழே இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்த்தாள். தான் சொன்னது சரியாக இருந்தும் ஏன் மனம் நிறையவில்லை? தங்கவயலில் இருக்கும் வீட்டுக்குப் போகும் மாலை ரயிலில் அதையே யோசித்தாள். அவனாக மன்னிப்புக் கேட்கும்வரை முகம் கொடுப்பதில்லை... அவன் வராமலே போனால்?

வந்தான். ஆனால் சந்தேகம் கேட்க. மறுநாளும், அதற்கடுத்த நாளும்.

அவள் திரையைப் பார்த்தே பதில் சொன்னாள். பதில்கள் மட்டும் நாளுக்கு நாள் நீண்டன.

“பந்தரு மேடம்... வந்துட்டாரு,” என்று ஒரு மாலை கன்னடமும் தமிழுமாகச் சொல்லி, ஸ்கேன் டெக்னீஷியன் கிருஷ்ணப்பா சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

“இது எந்த லெவல்?” தாடைக்கு நேர் கீழே ஒரு கட்டியைக் காட்டினான்.

“ஒண்ணு,” என்று தொடங்கி, எல்லைகளை நிதானமாக விளக்கி முடித்தாள். பிறகு முதல்முறையாக நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“காலேஜ் பசங்களுக்கே தெரியுமே டாக்டர். உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம் எதுக்கு வந்தீங்க?”

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

“அன்னிக்கு எல்லார் முன்னாடியும் பேசினது தப்பு. சாரி கேட்கத்தான் தினமும் வர்றேன். விவேக் நகர்ல எங்க வீட்ல யாருக்கும் அது வாயில வராது. கேட்டுட்டா, அப்புறம் இங்க வர காரணமே இல்லாமப் போயிடுமோன்னு பயம் வேற... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, சங்கமித்ரா.”

இப்போது எழுந்தால் ரயிலைப் பிடித்துவிடலாம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடலாம். தன்மானமும் குலையாமல் கூடவே வரும். அவள் எழவில்லை.

“நீங்க கேட்டது எல்லாமே உங்களுக்குத் தெரியும்னு எனக்கு முதல்லயே தெரியும்,” என்றாள் மெல்ல. “தெரிஞ்சுதான்... இத்தனை நேரம் விளக்கிட்டு இருந்தேன்.”