உயிர் விழுந்த லென்ஸ்

“மாதாவே...!”

அந்த அலறலில் கடத்தூர் கடைவீதியே ஒரு நிமிஷம் வியாபாரத்தை மறந்தது.

அலறியவள் இசபெல்லா. அவள் காலடியில் கிடந்தவன் அவள் புருஷன்... மாதா ஸ்டுடியோ சின்னப்பன்.

படம் கழுவுகிற இருட்டறை. சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. சின்னப்பனின் வாயோரம் வழிந்த நுரைகூட அந்த வெளிச்சத்தில் சிவப்பாகத்தான் தெரிந்தது. பக்கத்தில் ஒரு டம்ளர். மேஜைமேல் மூடி திறந்த போட்டோ மருந்து பாட்டில்... விஷம்!

தர்மபுரி ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்தார்கள். மருந்துதான் ஆளைக் கொன்றிருக்கிறது என்றார்கள். தானாகக் குடித்தானா, யாராவது குடிக்க வைத்தார்களா? அதைச் சொல்ல வயிற்றுக்கு வாய் இல்லையே!

வாய் இருந்தவர்கள் சொன்னார்கள்.

தற்கொலை!

மறுநாள் மத்தியானம் பிரேதம் திரும்பி வந்தது. ஸ்டுடியோவின் முன் ஹாலிலேயே சவப்பெட்டியை வைத்தார்கள். பின்கட்டுதான் வீடு. பங்குச் சாமியார் வந்தார். நல்ல மனிதர். சவப்பெட்டியைப் பார்க்காமலே பேச ஆரம்பித்தார்.

“இசபெல்லா... தன் உசுரத் தானே மாய்ச்சுக்கிட்டவங்களுக்குப் பூசை கிடையாதும்மா. கோயில் மணி அடிக்க முடியாது. கல்லறைத் தோட்டத்துல எடமும் தர முடியாது.”

“அப்ப எங்கீங்க சாமி பொதைக்கறது?”

“மதிலுக்கு வெளிய...”

“முள்ளுக்காட்டுலயா?” இசபெல்லா எழுந்து நின்றாள். “இந்த ஊருல அத்தனை சாவுக்கும் மொத ஆளா போயி நின்ன மனுசன் சாமி அவரு! அவர நாயப் பொதைக்கற எடத்துல போடுவீங்களா? அவரு குடிக்கல. சத்தியமா குடிக்கல!”

“நிரூபிக்கணுமேம்மா...”

“நிரூபிக்கறது என் தொழில்ங்க சாமி,” என்றது ஒரு குரல்.

சப்-இன்ஸ்பெக்டர் தீர்த்தகிரி. வாயில் எப்போதும் வெற்றிலை. நல்ல வார்த்தை வருவது அபூர்வம். மனசு மட்டும் பரவாயில்லை.

“பொழுது சாயறவரைக்கும் டயம் குடுங்க. அதுக்குள்ள தெரியலைன்னா உங்க சட்டப்படி செய்யுங்க.”

சாமியார் தலையசைத்தார்.

தீர்த்தகிரி ஹாலைச் சுற்றிப் பார்த்தார். பின்னாலேயே வந்த கான்ஸ்டபிள் முனியப்பன் சுவரை அண்ணாந்து பார்த்தான். அப்புறம் பார்க்கவே இல்லை.

“ஐயா... இந்தப் போட்டோவுல இருக்கறவங்க...”

“ஆமாய்யா. அத்தனை பேரும் செத்தவங்க.”

சுவர் பூராவும் பிணங்கள்! நாற்காலியில் உட்கார்ந்த பிணங்கள். மாலை போட்ட பிணங்கள். சுற்றிலும் மகன், மகள், பேரன். சின்னப்பனுக்கு ஒரு பழக்கம்... செத்தவரை வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்துத்தான் படம் எடுப்பான். அந்தப் படங்கள் ஒவ்வொன்றிலும், செத்தவர் தலைக்கு மேலே, புகை மாதிரி ஒரு வெள்ளை. அழுக்கு இல்லை. கறை இல்லை. தொட்டால் கலைந்துவிடும் போல ஒரு வெள்ளை...

“உசுருங்க ஐயா,” என்றான் முனியப்பன். “எங்கப்பன் படத்துலயும் விழுந்துச்சு. உசுரு நல்லபடியா மேல போச்சுன்னு எங்காத்தா அதப் பாத்துதான் சோறு தின்னுச்சு.”

அவனைக் கூட்டிப்போக ஏரியூரிலிருந்து வருவார்கள். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து கார் வைத்துக்கொண்டு வருவார்கள். வேறு ஸ்டுடியோக்காரன் எடுத்தால் உயிர் விழாது! சின்னப்பன்தான் வேண்டும்.

சின்னப்பனின் பழைய கேமரா அலமாரியில் இருந்தது.

முன்பக்கம் வெறும் ஓட்டை. கண் பிடுங்கிய முகம் மாதிரி இருந்தது.

“லென்ஸ் எங்க?” என்றார் தீர்த்தகிரி.

“கெணத்துல போட்டிருப்பாருங்க, சார்!”

பதில் சொன்னவன் ஸ்தனிஸ்லாஸ். இசபெல்லாவின் தம்பி. பெங்களூரில் கேமராக் கடையில் வேலை. தோளில் தோல் உறை போட்ட புத்தம் புது ஜப்பான் கேமரா. கண்கள் அழுது சிவந்திருந்தன.

“முந்தாநாள்தான் வந்தேன் சார். மாமா அந்த லென்ஸக் காட்டி, என்ன பெறும்னு கேட்டாரு. நான் மறைக்காம சொல்லிட்டேன். இது மரை போட்டுத் திருகற பழைய மாடல். இப்ப வர்ற கேமராவெல்லாம் சொருகித் திருப்புனா பூட்டிக்கும். லென்ஸ் மாட்டற வாயே மாறிப்போச்சு. இனிமே இத எதுலயும் மாட்ட முடியாது, பத்துப் பைசா பெறாதுன்னேன்.”

“அதுக்கு?”

“ லென்ஸ மடியில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாரு...” ஸ்தனிஸ்லாஸ் முகத்தைப் பொத்திக்கொண்டான். “நான் பொய் சொல்லியிருக்கணும் சார். நான்தான் கொன்னுட்டேன்!”

இசபெல்லா தம்பியின் தலையைத் தடவினாள். “அழுவாத தம்பி.”

தீர்த்தகிரி மனசுக்குள் கோத்துப் பார்த்தார். லென்ஸுக்கு மதிப்பு போச்சு. பிழைப்பு போச்சு. ஆளும் போயிட்டான். கோர்வையாகத்தான் இருக்கிறது. தற்கொலைக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

“பொய்ங்க!”

வாசலில் ஒருவன் நின்றான். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்டுடியோ ராஜப்பன்... சின்னப்பனுக்குத் தொழில் எதிரி!

“என்னய்யா பொய்?”

“அண்ணன் லென்ஸுக்கு மதிப்பு போச்சுங்கறது பொய்ங்க. நானும் இப்ப இதே ஜப்பான் கேமராதான் வாங்கியிருக்கேன். தர்மபுரி லேத் பட்டறையில ஒரு வளையம் கடைஞ்சு வாங்கினேன். மோதிரம் கணக்கா, மெல்லிசு. ஒரு பக்கம் பழைய மரை, ஒரு பக்கம் புதுப் பூட்டு. அதப் போட்டா அண்ணன் லென்ஸு என் கேமராவுல கச்சிதமா உக்காந்துச்சுங்க! போன வாரம் ரெண்டு பேரும் படம் எடுத்தே பாத்தோம். தெளிவுன்னா அப்பிடி ஒரு தெளிவு. என் கேமரா, அவரு லென்ஸு, கூட்டுத் தொழிலுன்னு பேசி முடிச்சோம். வளையத்தக்கூட அவர்கிட்டத்தான் குடுத்து வெச்சேன். சாகற மனுசன் என்னாத்துக்குங்க கூட்டு சேர்றாரு?”



தீர்த்தகிரி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“ராஜப்பா... அந்த லென்ஸுக்கு அவ்வளவு மதிப்புன்னா, அதுக்காகக் கொலையும் பண்ணலாம் இல்ல?”

“பண்ணலாமுங்க.”

“மாட்டற கேமரா உன்கிட்ட. வளையம் செஞ்சவன் நீ. தொழில் எதிரி நீ. இப்ப லென்ஸையும் காணோம், வளையத்தையும் காணோம். நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உனக்கே ஆப்பு. தெரியுதா?”

“தெரியுதுங்க.”

“வாயப் பொத்திக்கிட்டு வூட்டுல இருந்திருந்தா தப்பிச்சிருப்பியேய்யா!”

“இருந்திருப்பேனுங்க,” ராஜப்பன் சவப்பெட்டியைப் பார்த்தான். “அண்ணன் மதிலுக்கு வெளிய கெடப்பாரே!”

“முனியப்பா! இவனை இருட்டறையில உக்கார வை. விலங்கு போடு.”

“நாசமாப் போறவனே!” ஸ்தனிஸ்லாஸ் ராஜப்பன் மேல் பாய்ந்தான். “எங்கக்கா தாலிய அறுத்துட்டியேடா!”

அவனை நாலு பேர் பிடித்து இழுத்தார்கள்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. ராஜப்பன் கொன்றான் என்பதற்கும் சாட்சி இல்லை. சின்னப்பன் தானாகக் குடிக்கவில்லை என்பதற்கும் சாட்சி இல்லை. சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்.

“சாமி,” இசபெல்லா மெல்லக் கூப்பிட்டாள். “அவர ஒரு போட்டோ எடுத்துக்கறேன். வாசலுக்கு முதுகு காட்டி... அவரு எடுக்கற மாதிரியே. உசுரு விழுந்தா உள்ள பொதைங்க. விழலீன்னா உங்க இஷ்டம்.”

“அம்மா, போட்டோவப் பாத்து எப்படி...”

“ஊரு பூரா அவரு எடுத்த போட்டோவப் பாத்துத்தானுங்க மனசு ஆறுச்சு. எனக்கு மட்டும் இல்லையா?”

சாமியார் பெட்டியை விட்டு விலகி நின்றார். இசபெல்லா திரும்பினாள்.

“தம்பி, நீயே எடு.”

ஸ்தனிஸ்லாஸ் தயங்கினான். கண்ணிமைக்கிற நேரம்தான். அப்புறம் கேமராவின் தோல் உறையைத் திறந்தான்.

பெட்டியின் தலைமாட்டை வாசல் பக்கமாகத் திருப்பி உயர்த்தி வைத்தார்கள். இசபெல்லா பக்கத்தில் நின்றாள். தெருக் கூட்டம் பூராவும் வாசலில் முண்டியது.

“கூட்டம் படத்துல விழும் சார். கதவச் சாத்தச் சொல்லுங்க. நான் ஃப்ளாஷ் போட்டுக்கறேன்.”

முனியப்பன் கதவைச் சாத்தினான்.

பளீர்!

அந்த ஒரு வெட்டில் சுவரில் இருந்த அத்தனை பிணங்களும் கண் விழித்த மாதிரி இருந்தது. முனியப்பன், “முருகா, காப்பாத்து!” என்றான்.

பிலிம் சுருள் இருட்டறைக்குப் போனது. இந்த ஊரில் படம் கழுவத் தெரிந்த இன்னொருவன் அங்கேதான் விலங்கோடு உட்கார்ந்திருந்தான். ஒரு கையை மட்டும் அவிழ்த்துவிட்டார் தீர்த்தகிரி.

சிவப்பு வெளிச்சம். சின்னப்பன் விழுந்து செத்த அதே இடத்தில் மருந்துத் தட்டு. தட்டில் வெள்ளைத் தாள்.

மெல்ல ஒரு கறுப்பு எழுந்தது... சவப்பெட்டியின் ஓரம். மாலை. இசபெல்லாவின் முகம். சின்னப்பனின் மூடிய கண்கள்...

அதற்கு மேலே...

“ஐயய்யோ!” முனியப்பன் கதவில் போய் முட்டிக்கொண்டான். “உசுரு! உசுரு விழுந்திருக்குதுங்க!”

சின்னப்பன் தலைக்கு மேலே அந்த வெள்ளை. புகை மாதிரி. கலையாமல்.

 இருபது வருஷ சர்வீஸில் பயந்ததே இல்லை என்று தீர்த்தகிரி பீற்றிக்கொள்வார். இனிமேல் பீற்ற மாட்டார்.

ராஜப்பன் மட்டும் படத்தையே பார்த்தான். தட்டிலிருந்து எடுத்து விளக்குக்குக் கிட்டே பிடித்தான். 

“சார்... இத எந்தக் கேமராவுல எடுத்தாங்க?”

“அந்தம்மா தம்பி கேமராவுல. ஏன்?”

“உசுரு எல்லாக் கேமராவுலயும் விழாதுங்க! அண்ணன் லென்ஸுக்கு உள் கண்ணாடியில ஒரு கோளாறு. எதிர வெளிச்சம் இருந்தா இப்பிடி ஒரு வெள்ள விழும். கதவுக்கு முன்னால உக்கார வெச்சு எடுத்தாரு, விழுந்துச்சு. ஜனங்க உசுருன்னாங்க. அண்ணன் வேணாம்னு சொல்லிப் பாத்தாரு, யாரும் கேக்கல. அழுவறவங்க மனசு ஆறட்டும்னு அப்பறம் வுட்டுட்டாரு. இந்த வெள்ள ஒரே ஒரு கண்ணாடியிலதான் விழும் சார்!”

தீர்த்தகிரி கதவை உதைத்துத் திறந்தார்.

“ஸ்தனிஸ்லாஸ்! கேமராவக் குடு!”

“எதுக்கு சார்?”

“குடுய்யா!”

ராஜப்பன் வாங்கினான். லென்ஸைப் பிடித்துத் திருப்பினான். க்ளிக்! கையோடு வந்தது. அதன் அடியில் பித்தளையில் மெல்லிசாக ஒரு வளையம்...

“இது கேமராவோட வந்த லென்ஸு சார்!” ஸ்தனிஸ்லாஸ் கத்தினான்.

“அப்படியா?” தீர்த்தகிரி நிதானமாகக் கேட்டார். “கூடவே பொறந்த லென்ஸுக்கு வளையம் எதுக்குய்யா? பத்துப் பைசா பெறாதுன்னு சொன்னியே, அத என்னாத்துக்குத் தோள்ல மாட்டிக்கிட்டுத் திரியற?”

  ஸ்தனிஸ்லாஸின் பார்வை தீர்த்தகிரியின் கையிலிருந்த படத்தின் மேல் விழுந்தது. ஈரம் சொட்டுகிற படம். மூடிய கண்கள். வெள்ளை...

“மாமா அதப் பிரஷ்ஷால தீட்டறாருன்னு நெனச்சேன்...” அவன் சுவரோரமாகச் சரிந்தான். “நாங்கல்லாம் பிரிண்ட்ல அப்படித்தான் தீட்டுவோம்... நிஜமா விழும்னு தெரியாது...”

“தம்பி!” இசபெல்லா அவன் எதிரே வந்து நின்றாள். “நீயாடா?”

“பெங்களூர்ல ஒரு வெள்ளைக்காரன் கேட்டான் அக்கா. பழைய ஜெர்மன் லென்ஸு, எந்த வெலைன்னாலும் தர்றேன்னான். மதிப்பில்லன்னு சொல்லி வாங்கிடலாம்னு பாத்தேன். மாமா சிரிச்சாரு. வளையத்தக் காட்டினாரு. ‘இத வித்துட்டா சாவு வூட்டுக்காரங்க உசுரத் தேடி எங்கடா போவாங்க’ன்னாரு... அந்தப் போட்டோ மருந்தக் காபியில கலந்து குடுத்துட்டேன் அக்கா...”

இசபெல்லா அவனை அடிக்கவில்லை. சற்று முன் அவன் தலையைத் தடவிய தன் கையையே பார்த்தாள். அப்புறம் அதைச் சேலையில் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

 சாமியார் விறுவிறுவென்று கோயிலுக்கு நடந்தார். ஆள் அனுப்பவில்லை. தன் கையாலேயே கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

டாங்...! டாங்...!

அந்த மணிச் சத்தம் கேட்டபோதுதான் இசபெல்லா முதல் தடவையாக வாய்விட்டு அழுதாள். மதிலுக்கு உள்ளே, சின்னப்பனை அவன் அப்பனுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள்.

மறுநாள் ராஜப்பன் ஸ்டேஷனுக்கு வந்தான். கையில் ஒரு பெரிய படம். முகம் வெளுத்திருந்தது.

“என்னய்யா? விலங்கு போட்டதுக்கு வருத்தமா?”

“இல்லீங்க. அண்ணி அந்தப் படத்தப் பெருசா கேட்டாங்கன்னு காலையில போட்டேனுங்க. சின்னப் படத்துல இது கண்ணுக்குத் தெரியல. நான்தான் இருட்டறையில கெடந்தேனே, எப்படி எடுத்தாங்கன்னே பாக்கல... நீங்களே பாருங்க.”

படத்தை மேஜைமேல் வைத்தான்.

சவப்பெட்டிக்குப் பின்னால் வாசல். வாசலில் கதவு.

இறுக்கச் சாத்திய கதவு!

“எதிர் வெளிச்சம் இருந்தாத்தானுங்க அந்தக் கோளாறு விழும். வேற எப்பிடியும் விழாது. கதவு சாத்தியிருக்குதே சார்! ஃப்ளாஷ் வெளிச்சமும் இந்தப் பக்கமிருந்துதான் போயிருக்கு...” ராஜப்பன் அந்தக் கதவின் மேல் விரலை வைத்தான். “அப்ப அது என்னங்க?”

முனியப்பன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

தீர்த்தகிரி படத்தைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். சின்னப்பன் தலைக்கு மேலே அந்த வெள்ளை, அதே இடத்தில். படத்தைக் கவிழ்த்து வைத்தார். ஒரு வெற்றிலையை எடுத்து, சுண்ணாம்பு தடவ மறந்து, அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்.

“ராஜப்பா... இத வெளிய மூச்சு விடாத.”

“ஏனுங்க சார்?”

“சின்னப்பனே வந்து சாட்சி சொன்னான்னு ஜட்ஜு நம்பிட்டார்னு வையி... அவனுக்கு நான் எந்த விலாசத்துக்குய்யா சம்மன் அனுப்பறது!”